பிறேக் மாற்றிய நீலக் காரில் ஹம்பேர்க் வரை

எனக்கு எழுத்து ஓடாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. பிழைகள் இருக்கும், ஊர்ப் பெயர்கள் இடம் மாறியிருக்கும், நேரமும் முன்னே பின்னே இருக்கும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தமிழ்ப் பள்ளிக்கூட மலருக்கு ஒரு பயணக் கட்டுரை எழுதித் தரும்படி மகன் கேட்டபோது, நான் எங்கேயடா பயணம் போனேன் என்றுதான் சொன்னேன். பிறகு இது நினைவுக்கு வந்தது. 1988ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஹம் நகரத்திலிருந்து ஹம்பேர்க் வரை, ஓர் அமெரிக்கக் காரில் போனோம்.

அப்போது நானும் மகன் சிவநேசனும் ஹம்மில், லிப்பெ ஆற்றுக்கு வடக்கே, ஒரு கராஜுக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். மகன் எனக்கு முன்னமே ஜெர்மனிக்கு வந்து, வேலை அனுமதி எடுத்து, அந்தக் கராஜிலேயே வேலை செய்தான். கராஜ்காரரின் பெயர் டீற்றர். அவருடைய மனைவி ஹெல்கா. அவர்களுடைய வீடும் அதே வளவுக்குள்தான். மகன் கூப்பிடுவதைக் கேட்டு அவர்களும் என்னை அம்மா என்றே கூப்பிட்டார்கள். எனக்குத் தெரிந்த ஜெர்மன் சொற்களை இரண்டு கை விரலில் எண்ணிவிடலாம். ஆகவே அவர்கள் பேசியதையெல்லாம் மகன் எனக்குச் சொன்ன தமிழிலேயே எழுதுகிறேன்.

கார் நல்ல கடும் நீலம். மூக்கு நீளம், எட்டுச் சிலிண்டர், கதவு இரண்டே இரண்டு. பின்னால் ஏறுவதென்றால் முன் இருக்கையை மடித்து, குனிந்து, நுழைய வேண்டும். ஊருக்குத் திரும்பிய ஓர் அமெரிக்கப் பட்டாளக்காரனிடம் டீற்றர் இளவயதில் வாங்கியது. அந்தக் காரில்தான் ஹெல்காவுக்கு ஊர் சுற்றிக் காட்டிக் கல்யாணமும் செய்தாராம். எங்கள் பயணத்துக்கு இரண்டு வருடங்களுக்கு முன் காசல் பக்கத்து மலை இறக்கத்தில் பிறேக் சூடேறிப் பிடிக்காமல் போய், கார் வேலியில் உரசி நின்றது. ஹெல்காவுக்குத் தோள் எலும்பு உடைந்தது. எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்தக் காருக்குள் காலை வைக்கவில்லை. ஹம்பேர்க்கில் இருக்கும் தன் அக்காவிடம் தனியே ரயிலில் போய் வருவார். டீற்றர் வீட்டிலேயே இருந்துவிடுவார்.

விற்கிறேன் என்று டீற்றர் சொன்னால் ஹெல்கா விடமாட்டார். "அப்ப நான்தான் விக்கவைச்சனான் எண்டு என்ரை மனம் சொல்லிக்கொண்டே இருக்கும்," என்பாராம். வைத்திருக்கிறேன் என்றால் அதைப் பார்க்கவும் மாட்டார். இப்படி இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்து, கார் நடுவில் போர்வை போர்த்தபடி கிடந்தது.

பயணத்துக்கு முந்திய மாரிகாலம் முழுக்க டீற்றரும் மகனும் வேலை முடிந்த பின் அந்தக் காரைக் கழற்றினார்கள். நான் தேத்தண்ணி கொண்டு இறங்கும்போது பார்ப்பேன். முன் சில்லுகளுக்குள் இருந்த பழைய டிரம் பிறேக்கை எடுத்துவிட்டு, தட்டுப் போன்ற டிஸ்க் பிறேக் பூட்டினார்கள். காலால் மெல்ல மிதித்தாலே அழுத்தம் கூட்டிக் கொடுக்கும் சாமான் ஒன்றும் பூட்டினார்கள். புதுமாதிரி ரயர், பெரிய ரேடியேட்டர், குளிரிலும் ஒரே திருப்பில் எஞ்சினை எழுப்பும் எலக்ட்ரோனிக் பெட்டி, நாலு பேருக்கும் தோளோடு சேர்த்துக் கட்டும் பட்டி. வெளியே பார்த்தால் பழைய கார்தான், ஒரு கீறல்கூட மாற்றவில்லை. வாகனப் பரிசோதனைக்காரரும் பார்த்துச் சரி என்று எழுதிக்கொடுத்தார்.

ஹெல்காவின் அக்காவுக்கு அறுபதாவது பிறந்தநாள் வந்தது. காரில் போவோமா என்று டீற்றர் கேட்டார். ஹெல்கா மூன்று நாள் யோசித்தார். பிறகு, "அம்மா எனக்குப் பக்கத்தில இருந்து வாறதெண்டால் ஏறுறன்," என்றாராம். நான் வெள்ளைக்காரரோடு ஒரு மேசையில் இருந்து சாப்பிடவே கூச்சப்படுகிறவள்.

"என்னை ஏனடா கேக்கிறா? நான் என்னத்தைக் கதைக்கிறது?" என்றேன்.

"அதுக்குத்தான் அம்மா. மற்றவை எல்லாரும் பயப்பிடாதை பயப்பிடாதை எண்டு கதைச்சுக் கதைச்சே பயப்படுத்துகினம். நீங்கள் கதைக்கமாட்டியள்."

டீற்றர் மகனிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தார். இந்த முறையும் ஹெல்கா ஏறாவிட்டால், டோர்ட்முண்டில் இருந்து ஒருவர் திங்கட்கிழமை வந்து காரை வாங்கிக் கொண்டுபோவார். அதன் பிறகு அந்தப் பேச்சே இல்லை. ஹெல்காவுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும்.

என்னைப் போல அகதி விண்ணப்பம் போட்டவர்கள் அந்த நகரத்து எல்லையைத் தாண்ட எர்லவுப்னிஸ் எடுக்க வேண்டும், அதாவது அனுமதி. டீற்றர் தானே கூட வந்து இரண்டு நாளுக்கு எடுத்துத் தந்தார். ஹம்பேர்க் பெரிய ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் எங்கள் நாட்டுச் சாமான் கடைகள் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். பச்சைக் கறிவேப்பிலை வாங்கலாம் என்று நினைத்து அதற்கொரு பையும் மடித்து வைத்தேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணி. முதல்நாள் காரைக் கழுவியிருந்தார்கள். இரவு மழைத் தூறலும் பெய்தது. நான் கீழே இறங்கிப் பார்த்தேன். மகன் முன்னமே சொல்லியிருந்தான்: "எலுமிச்சம்பழம், கற்பூரம் ஒண்டும் வேண்டாம் அம்மா. அயலட்டை பாக்கும்." நான் சரி என்றிருந்தேன். ஆனால் சில்லின் இடைவெளிக்குள்ளால் அந்தப் புதுத் தட்டைப் பார்த்தபோது மனம் கேட்கவில்லை. முதல்நாள் வெள்ளி மாதிரி மினுங்கியது, இப்போது செம்மஞ்சளாகக் கறள் பிடித்திருந்தது. இத்தனை பாடுபட்டுப் பூட்டிய சாமான், வெளிக்கிடுகிற நாளில் இப்படியா என்று நினைத்தேன். புதுத் தோசைக்கல் வாங்கினால் நாங்கள் என்ன செய்வோம்? துடைத்து, நல்லெண்ணெய் பூசி வைப்போம். மேலே போய்ப் போத்தலும் சீலைத்துண்டும் எடுத்து வந்து, இரண்டு முன் சில்லுக்குள்ளும் கையை விட்டு, எட்டிய மட்டும் நன்றாகப் பூசிவிட்டேன். மீண்டும் மினுங்கியது. எனக்குப் பெரிய திருப்தி.

எட்டு மணி. டீற்றர் இஸ்திரி போட்ட சேட்டுடன் நின்றார். ஹெல்கா கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. நான் முதலில் நுழைந்தேன், பிறகு அவர். மகன் முன்னால். டீற்றர் திறப்பைத் திருப்பியதும் எஞ்சின் உடனே எழும்பி உறுமியது. வளவுக்குள்ளால் மெதுவாகப் படலைவரை வந்தோம். தெருவில் ஒரு சைக்கிள் போனது. டீற்றர் பிறேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை. வேகமும் இல்லை, ஆனால் நிற்காமல் வழுக்கினதுபோல் போய்க் குப்பைத் தொட்டியில் டொக் என்று முட்டித்தான் நின்றது. தொட்டியின் மூடி கழன்று விழுந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மகன் இறங்கி இருக்கையை மடித்ததும் ஹெல்கா வெளியே வந்து, பையோடு நேரே வீட்டுக்குள் போய்விட்டார்.

டீற்றர் சில்லுக்குப் பக்கத்தில் குந்தினார். "நான்தான் எங்கையோ பிழை விட்டுட்டன். என்னை நம்பி ஏறினவ," என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். மகன் மற்றப் பக்கம் குனிந்து மணந்து பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"அம்மா, இதென்ன தோசை மணம்?"

"கறள் பிடிச்சிருந்தது தம்பி. கொஞ்சமாத்தான் பூசினனான்."

"கொஞ்சமோ? ஐயோ அம்மா! உலகத்தில எண்ணெய் படக்கூடாத சாமான் எண்டு ஒண்டு இருக்கெண்டால் அது இதுதான். அந்தக் கறள் ரெண்டு தரம் பிறேக் பிடிச்சால் தானாப் போயிடும்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "நீங்கள் பேசாமல் மேல போங்கோ. நான் துடைச்சுப்போட்டுச் சமாளிக்கிறன். உங்களை ஒருத்தரும் ஏசக்கூடாது."

நான் படிவரை போனேன். மகன் சமாளித்துவிடுவான். டீற்றர் தன் கைவேலையில் பிழை என்று நினைப்பார். ஹெல்கா இனி ஏறமாட்டார். திங்கட்கிழமை டோர்ட்முண்ட்காரர் வருவார். படியில் ஏற எனக்குக் கால் வரவில்லை. எண்ணெய்ப் போத்தலையும் அந்தச் சீலைத்துண்டையும் எடுத்துக்கொண்டு ஹெல்காவின் குசினிக் கதவைத் தட்டினேன். கூப்பிடாமல் அந்த வீட்டுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை.

அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். எனக்கு ஜெர்மனில் சொல்லத் தெரியவில்லை. சுவரில் இரும்புத் தாச்சி ஒன்று தொங்கியது. அதை எடுத்தேன். சீலையில் எண்ணெய் விட்டு, தாச்சிக்குப் பூசிக் காட்டினேன். பிறகு காற்றில் வட்டமாகக் கையைச் சுற்றி, காரைக் காட்டி, என் நெஞ்சைத் தொட்டேன்.

அவர் என்னை முழுசிப் பார்த்தார். சீலையை வாங்கி மணந்தார். "பிறெம்ஸ?" என்று கேட்டார். பிறேக்குக்கு ஜெர்மன் அதுதான்.

"யா," என்றேன். "பிறெம்ஸ. நான்." அழுகையும் வந்துவிட்டது.

அவர் எழும்பி, அடுப்பருகே லாச்சியைத் திறந்து ஒரு பழைய துணியை எடுத்துக் காட்டினார். எண்ணெய் ஊறிக் கறுத்த துணி. அவரும் தன் தாச்சிக்கு அதைத்தான் பூசுகிறவர். சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டார். கண்ணால் தண்ணீர் ஓடியது. என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வளவுக்கு வந்தார்.

டீற்றரிடம் அவர் சொன்னதை மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்குச் சொன்னான்: "உன்ரை பிறேக்கில பிழை இல்லை. அம்மா அதைப் பொரிக்கப் பாத்திருக்கிறா. கழட்டிக் கழுவு. நான் நிண்டு பாக்கிறன்."

டீற்றர் என்னைப் பார்த்தார். ஏசப்போகிறார் என்று நான் தலையைக் குனிந்தேன். அவர் தரையிலேயே இருந்து, தலையில் கையை வைத்துக்கொண்டு, பெரிய மூச்சு விட்டார். அவ்வளவுதான். பிறகு மகனைப் பார்த்து, "உங்கடை ஊரில பிறேக்குக்கு மிளகாய்த்தூளும் போடுறவையோ எண்டு கேள்," என்றாராம்.

சில்லுகளைக் கழற்றினார்கள். தட்டுகளை ஒரு மருந்தால் கழுவித் துடைத்தார்கள். எண்ணெய் குடித்த பிறேக் கட்டைகள் இனி உதவாது. அமெரிக்காவிலிருந்து வரச் சுணங்கும் என்று டீற்றர் இரண்டு சோடி வாங்கி வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. ஹெல்கா ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தார். இத்தனை மாதமும் வேலை நடந்தபோது அவர் கராஜ் பக்கம் வந்ததே இல்லை. டீற்றர் மூலையில் கிடந்த பழைய டிரம்மைக் கொண்டுவந்து காட்டினார். இது மூடியைப் போட்டு அவிக்கிற பானை மாதிரி, சூடு வெளியே போக வழியில்லை. புதுத் தட்டு திறந்து கிடக்கிறது, காற்று பட்டு ஆறும். அன்று மலையில் நடந்தது இதுதான் என்றார். எனக்கே விளங்கிற்று. ஹெல்கா கையை நீட்டி அந்தத் தட்டைத் தொட வந்தார். டீற்றர் அவருடைய விரலை முதலில் துடைத்துவிட்டார்.

பதினொன்றரை மணிக்கு மறுபடி வெளிக்கிட்டோம். படலையில் டீற்றர் பிறேக்கை மிதித்தார். நாலு பேருடைய தலையும் முன்னால் போய் வந்தது. "போதும், போதும்," என்றார் ஹெல்கா.

ட்ரென்ஸ்ரைன்ஃபூர்ட் தாண்டி மூன்ஸ்ரர் பக்கத்தில் பெருந்தெருவில் ஏறினோம். அங்கிருந்து ஹம்பேர்க் வரை ஒரே தெருதான், மொத்தம் முந்நூறு கிலோமீற்றருக்குக் கிட்ட. இரண்டு பக்கமும் சோளம், மாடுகள், சிவப்புச் செங்கல் வீடுகள். தரை எங்கள் வன்னித் தரை மாதிரித் தட்டை. காருக்குள் கதைத்தால் கேட்காது, அப்படி ஒரு முழக்கம். எனக்கு அது வசதியாக இருந்தது.

லெங்கரிஷ் என்ற ஊரில் தெரு காட்டு மலையில் ஏறியது. பெரிய மலை இல்லை. ஆனால் ஏறினால் இறங்கத்தானே வேண்டும். ஹெல்கா என் கையைப் பிடித்தார். நகம் பதிந்தது. டீற்றர் கண்ணாடியில் அதைப் பார்த்திருக்க வேண்டும். உரத்துச் சொல்லத் தொடங்கினார்: "இப்ப காலை எடுக்கிறன். இப்ப மெல்லமா மிதிக்கிறன். விடுறன். இன்னொருக்கா மிதிக்கிறன்." மகன் அதைத் தமிழிலும் சொல்லிக்கொண்டு வந்தான், எனக்கும் பயம் என்று அவனுக்குத் தெரியும். கார் சொன்னபடி கேட்டது. ஒஸ்னாப்றுக் வந்து தரை மீண்டும் தட்டையானபோது ஹெல்கா என் கையைத் திருப்பி, நகம் பட்ட இடத்தைத் தன் பெருவிரலால் தேய்த்துவிட்டார்.

ஒன்றரை மணிக்கு டம்மர் மலைப் பக்கத்தில் நிறுத்தினோம். அங்கே சாப்பாட்டுக்கடை தெருவுக்குக் குறுக்கே பாலம் மாதிரிக் கட்டியிருக்கிறது. கீழே வாகனம் ஓட, மேலே இருந்து சாப்பிடலாம். கோப்பி இரண்டு மார்க் எண்பது பெனிக். நான் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போயிருந்தேன், வெளியே நின்றே சாப்பிடுகிறேன் என்றேன். ஹெல்கா விடவில்லை. மேலே யன்னலோரம் என் பொட்டலத்தை அவரே அவிழ்த்து, கையால் எடுத்துச் சாப்பிட்டார். சம்பல் உறைத்து இரண்டு கோப்பி குடித்தார். கீழே கார்கள் பிறேக் பிடிக்கும்போது சிவப்பு லைற் எரிந்து எரிந்து அணைவதைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறேமன் பக்கத்தில் பெற்றோல் அடித்தோம். லீற்றர் ஒரு மார்க்குக்குக் கொஞ்சம் கூட. எஞ்சின் தண்ணீர் மாதிரிக் குடிக்கிறது. டீற்றர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை, சீழ்க்கை அடித்தார். நாலு மணிபோல எல்பெ ஆற்றுப் பாலங்களுக்கு மேல் போனோம். ஒரு பக்கம் முழுக்கத் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள், கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன.

ஸ்ரேசன் பக்கத்துக் கடை பூட்டிக் கிடந்தது. சனிக்கிழமை இரண்டு மணிக்கே பூட்டிவிடுவார்களாம். என் எண்ணெயால் வந்த சுணக்கம் என் கறிவேப்பிலையையே கொண்டுபோய்விட்டது. யன்னலுக்கு வெளியேயே சரக்குத்தூள் மணந்தது. கொஞ்ச நேரம் நின்று மணந்துவிட்டு வந்தோம்.

அதே நகரத்தில் அல்ட்டோனா என்ற பகுதியில் அக்காவின் வீடு. ஹெல்கா ரயிலில் வருவதாகத்தான் அக்கா நினைத்திருந்தார். வாசலில் காரைக் கண்டதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இந்தச் சவப்பெட்டியிலயோ வந்தனீ?" என்று கத்தினாராம்.

"பிறேக் எல்லாம் புதுசு," என்றார் ஹெல்கா. "நல்லெண்ணெயும் பூசினது." அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. காருக்குள் இருந்த நாங்கள் நாலு பேரும் சிரித்த சிரிப்பில் அவர் கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பிறகு வந்து எல்லாரையும் கட்டிப்பிடித்தார், என்னையும்.

ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள் கேக் சாப்பிட்டு நாலு மணிக்குத் திரும்பினோம். மகன் இருக்கையை மடித்து எனக்கு வழி விட்டான். நான் நுழைந்து ஹெல்காவுக்காக ஒதுங்கி இருந்தேன். அவர் வரவில்லை. மகனுடைய தோளில் தட்டி, அவனைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, முன் இருக்கையை நிமிர்த்தித் தானே ஏறினார். பட்டியைத் தானே இழுத்துப் பூட்டினார். டீற்றர் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் இருந்தார்.

எனக்குச் சந்தோசம்தான். ஆனாலும் பக்கத்தில் மகனுடைய முழங்கால் வந்து முட்டியபோது, போகும்போது இருந்த ஆளை மனம் தேடியது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பிறேமன் தாண்டியதும் ஹெல்காவின் தலை சாய்ந்தது. நித்திரை. மகன் பாட்டுப் போடலாமா என்று மெல்லக் கேட்டதற்கு டீற்றர் வேண்டாம் என்று விரலைத் தூக்கினார். காட்டு மலையில் ஏறி இறங்கினோம். ஹெல்கா அசையவில்லை. வாய் சற்றே திறந்தபடி, குறட்டையும் கொஞ்சம்.

வளவுக்குள் வரும்போது எட்டு மணி. ஆவணி மாதம், வெளிச்சம் இன்னும் இருந்தது. டீற்றர் எஞ்சினை நிறுத்தினார். கதவைத் திறக்கவில்லை. திறந்தால் சத்தத்தில் எழும்பிவிடுவார். இரண்டு கதவுக் காரில் முன்னால் இருப்பவர்கள் இறங்காமல் பின்னால் இருப்பவர்கள் இறங்க முடியாது. நாங்கள் மூன்று பேரும் மூச்சுக்கூடப் பெரிதாக விடாமல் இருந்தோம்.

அந்த வருடங்களில் எங்கள் ஊரில் ஒரு வாகனம் நின்று எஞ்சின் ஓய்ந்தால் பயம்தான். சோதனைச் சாவடி, இறங்கு, கையைத் தூக்கு. நின்ற வாகனத்துக்குள் நான் பயமில்லாமல் இருந்தது அன்றைக்குத்தான். ஒரு மனுஷி நித்திரை கொள்கிறாள் என்பதற்காக மூன்று பேர் காத்துக்கொண்டிருந்தோம். எனக்குக் கால் விறைத்துப் போயிற்று. ஆனாலும் அவர் எழும்பக்கூடாது என்றுதான் இருந்தது.

தூரம், பெற்றோல் விலை, லெங்கரிஷ் முதலா ஒஸ்னாப்றுக் முதலா என்பதெல்லாம் என் நினைவில் இருந்து எழுதியது. அந்தத் தெருவில் அடிக்கடி போய்வருகிற யாராவது ஒருக்கால் வாசித்து, பிழையைத் திருத்தித் தந்தால் நல்லது. மகனிடம் கேட்கலாம், ஆனால் அவன் எண்ணெய்க் கதையைக் கூட்டிச் சொல்லுவான்.